மண் காத்த பென்னெட்

உழவுத் தொழிலுக்கு உயிர்நாடி நீர் என்பதை அறியாதார் இலர். அந்நீரே உழவனுக்குப் பகையாவதும் உண்டு. சமநிலத்தில் பெய்த மழை நின்று ஊறிப் பயிரை வளர்க்கும். சரிவான நிலத்தில் பெய்த மழையோ நில்லாது ஓடும். ஓடும்போது வளமான மேல்மண்ணையும் உடன் அள்ளிச் செல்லும். ஒரு மழையில் அவ்வாறு செல்வது ஏட்டின் கனமே இருக்கும். ஆதலின் உழவன் அதனை இழப்பாக எண்ணுவதில்லை. பாட்டன் காலத்தில் பொன் விளைந்த பூமி, பேரன் காலத்தில் கட்டாந்தரையாய்க் கிடக்கும்போது, மழை பொய்த்தது என்றோ விதை கெட்டது என்றோ கூறி அவன் வருந்துவான். மண் போயிற்று என்று மட்டும் அவனுக்குத் தோன்றாது.

இவ்வாறு கண்ணுக்குத் தெரியாமல் நிகழும் களவைக் கண்டு, கால் நூற்றாண்டுக்கு மேலாக அதனை எடுத்துரைத்து, ஒரு பெருநாட்டை விழித்தெழச் செய்தவர் ஹியூ ஹாமண்ட் பென்னெட் என்பவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மண்காப்பின் தந்தை என்று அவரைப் போற்றுவர்.

பென்னெட் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், வட கரோலினா மாநிலத்தில் ஆன்சன் என்னும் மாவட்டத்தில், வேட்ஸ்பரோ என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். தந்தையார் வில்லியம் பென்னெட் பருத்தி பயிரிட்ட உழவர். பிள்ளைகள் ஒன்பதின்மர். அப்பகுதி செம்மண் மேடுகள் நிறைந்தது. ஏற்றமும் இறக்கமுமாகக் கிடப்பது. பருத்தி வரிசைகளுக்கிடையே புல் பூண்டு இல்லாதபடி களையெடுப்பது வழக்கம். அதனால் மண் வெறுமையாய்க் கிடந்து மழையின் தாக்குதலை நேரே ஏற்றது. ஒரு நிலம் தேய்ந்தால் அதனைக் கைவிட்டு வேறு நிலம் நாடிச் செல்வதே அந்நாட்டு உழவர் பலரின் பழக்கமாய் இருந்தது. மேற்கே புதுநிலம் எல்லையின்றிக் கிடக்கிறது என்ற எண்ணம் அவர்களை அவ்வாறு ஆக்கியது.

வில்லியம் பென்னெட் அவ்வாறு செய்யவில்லை. சரிவின் குறுக்கே ஒரே மட்டமான இடங்களைக் கண்டு முளையடித்து, அம்முளைகளை இணைத்து வரப்பு எடுத்தார். சிறுவன் ஹியூ தந்தைக்கு உதவியாக முளைகளைச் சுமந்து உடன் நடந்தான். எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்டபோது, நிலம் கரைந்து ஓடிவிடாமல் இருப்பதற்காக என்று தந்தை விடை கூறினார். அவ்வளவே அவர் பெற்ற முதற்பாடம்.

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பென்னெட்டுக்குக் கல்வியைத் தொடரப் பொருள் போதவில்லை. இடையில் ஈராண்டு படிப்பை நிறுத்தி, ஒரு மருந்துக் கடையில் வேலை செய்து பணம் சேர்த்துக்கொண்டு திரும்பினார். வேதியியலும் நிலவியலும் பயின்று 1903ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே வேளாண்மைத் துறையின் மண் ஆய்வு நிலையத்தில் பணியில் அமர்ந்தார். மாவட்டந்தோறும் சென்று, மண்ணைத் தோண்டி, அதன் நிறமும் ஆழமும் தன்மையும் குறித்துப் படம் வரைவதே அவருக்கு இடப்பட்ட பணி.

1905ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்து லூயிசா மாவட்டத்திற்கு அவரும் உடன்பணியாளர் ஒருவரும் அனுப்பப்பட்டனர். அங்கு விளைச்சல் ஏன் குன்றியது என்று கண்டறிதல் வேண்டும். ஒருநாள் அவ்விருவரும் அடுத்தடுத்துக் கிடந்த இரண்டு நிலங்களைக் கண்டனர். ஒன்று, கோடரியே படாத காடு. மற்றொன்று, நெடுங்காலம் உழுது பயிரிட்ட வயல். சரிவும் ஒன்றே, அடியில் உள்ள பாறையும் ஒன்றே. காட்டின் மண்ணோ கையால் தோண்டும் அளவுக்கு மென்மையாய், ஈரம் உடையதாய் இருந்தது. வயலின் மண் களியாய், வெயிலில் இறுகிப் பாறைபோல் கிடந்தது. தொடக்கத்தில் இரண்டும் ஒரே மண்ணாகவே இருந்திருத்தல் வேண்டும். அவ்வாறாயின் வயலின் மென்மண் எங்கே சென்றது? அங்குப் பெரும்பள்ளம் எதுவும் இல்லை. ஓடை அறுத்த தடமும் இல்லை. மழைக்கு மழை மெல்லிய படலமாக, வயல் முழுதும் ஒரே சீராக அம்மண் உரிந்து சென்றிருக்கிறது! களிமண் புதிதாக வந்ததன்று. மேலே இருந்த போர்வை போனபின் வெளிப்பட்ட அடிமண்ணே அது.

ஆழ்ந்த பள்ளத்தைக் கண்டு அஞ்சுவது எவர்க்கும் இயல்பு. பள்ளம் இல்லாத இடத்தில் அழிவைக் காண்பதற்குத் தனிப் பார்வை வேண்டும். அப்பார்வை பென்னெட்டுக்கு 24ஆம் வயதிலேயே வாய்த்தது. அவர் வாழ்நாளில் பின்னர் நிகழ்ந்தவை அனைத்தும் அந்த ஒரு நாளிலிருந்து கிளைத்தவை என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் கண்டதைக் கூறினால் கேட்பார் வேண்டுமே! அவர் பணியாற்றிய நிலையத்தின் தலைவர் மில்டன் விட்னி என்பவர் கற்றறிந்தவர், செல்வாக்கு மிக்கவர். நாட்டின் செல்வங்களுள் அழியாததும் மாறாததும் மண் ஒன்றே என்பதும், எவ்வளவு பயன்படுத்தினும் அது தீராது என்பதும் அவர் கொள்கை. 1909ஆம் ஆண்டில் அந்நிலையம் வெளியிட்ட அறிக்கை ஒன்று இக்கொள்கையைத் தெளிவாகவே அறிவித்தது. தலைமை நிலையம் இவ்வாறு முழங்கும்போது, கீழே பணியாற்றும் இளைஞர் ஒருவர் மண் அழிகிறது என்று சொன்னால் அது எடுபடுமா? பென்னெட் வேலையை விட்டு விலகவும் இல்லை. வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. சான்றுகளைச் சேர்த்தார்.

சான்றுகளுக்குக் குறைவில்லை. தென் கரோலினாவின் பேர்பீல்டு மாவட்டத்தில் நடந்த மண் ஆய்வு, ஒரு காலத்தில் பயிர் விளைந்த நிலத்தில் ஏறத்தாழ 90,000 ஏக்கர், நீர் அறுத்த பள்ளங்களால் உழவுக்குப் பயன்படாது போனதைக் காட்டியது. மேட்டிலிருந்து சென்ற மண் கீழே நன்மை செய்ததோ எனின், அதுவும் இல்லை. ஆற்றோரத்து நன்னிலங்களில் படிந்து, ஆற்றின் வழியை அடைத்து, அவற்றைச் சேற்று நிலம் ஆக்கிற்று. மேலும் கெட்டது, கீழும் கெட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டூவர்ட் மாவட்டத்தில் நிலைமை இதனினும் கொடிது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழித்துப் பருத்தி பயிரிட்ட இடத்தில், நூறாண்டுகூட நிரம்புமுன் 150 அடி ஆழமுள்ள பிளவுகள் தோன்றிவிட்டன. பிராவிடன்சு பள்ளத்தாக்கு என்னும் பெயரால் அவ்விடம் மாநிலப் பூங்காவாக விளங்குகிறது; அதன் பன்னிற மண்சுவர்களைக் காணச் சுற்றுலாப் பயணிகள் செல்கின்றனர். உழவர் பிழை காட்சிப் பொருளாயிற்று!

பனாமா, அலாசுகா, கியூபா முதலிய இடங்களிலும் பென்னெட் மண் ஆய்வு செய்தார். உழவர் இதழ்களில் விடாது எழுதினார். 1928ஆம் ஆண்டில் சேப்லின் என்னும் அறிஞரோடு சேர்ந்து, மண்ணரிப்பு நாட்டுக்குப் பேரிடர் என்று விளக்கும் சிறு வெளியீடு ஒன்றை வேளாண்மைத் துறையின் வாயிலாகவே வெளியிட்டார். அது டெக்சாசு மாநிலத்தைச் சார்ந்த நாடாளுமன்ற உறுப்பினரான புக்கானன் என்பவரின் உள்ளத்தைத் தொட்டது. அவர் முயற்சியால் 1929இல் மண்ணரிப்பை ஆராய்வதற்கென 1,60,000 டாலர் ஒதுக்கப்பட்டது. நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் பத்து ஆய்வு நிலையங்கள் எழுந்தன.

அந்நிலையங்களில் செய்தது யாதெனின், சரிவு நிலத்தைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழ்முனையிலும் தொட்டி அமைத்தனர். மழை பெய்யுந்தோறும் ஓடிவந்த நீரையும் மண்ணையும் அத்தொட்டிகளில் பிடித்து அளந்தனர். ஒரு பாத்தியில் புல், ஒன்றில் மக்காச்சோளம், ஒன்று வெறுநிலம். இம்முறையில் மிசௌரி மாநிலத்தில் 1917 முதலே சோதனை நடந்துவந்தது. அதன் முடிவை நோக்குங்கள். ஏழு அங்குல மேல்மண், மக்காச்சோளத்தையே இடைவிடாது பயிரிட்ட நிலத்தில் ஏறத்தாழ 50 ஆண்டுகளில் போய்விடும் என்று கணக்கிட்டனர். அதே சரிவில் புல் மூடிய நிலத்தில் அம்மண் போவதற்கு 3,000 ஆண்டுகளுக்கு மேல் செல்லும்! ஓர் அங்குல மேல்மண்ணை ஆக்க இயற்கைக்குப் பல நூறு ஆண்டுகள் வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணினால், பென்னெட் ஏன் ஓய்வின்றி முழங்கினார் என்பது விளங்கும்.

புல் எவ்வாறு இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்கிறது? மழைத்துளி வெறுமண்ணில் விழும்போது சிறு சம்மட்டிபோல் அதனைத் தாக்குகிறது. மண்கட்டி உடைகிறது, நுண்துகள்கள் தெறித்து மண்ணின் கண்களை அடைக்கின்றன, நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடுகிறது. இத்தாக்குதலே மண்ணரிப்பின் முதற்படி என்பதைப் பென்னெட்டின் கீழ்ப் பணியாற்றிய எல்லிசன் என்பவர் 1940களில் சோதனை செய்து காட்டினார். இலையும் தழையும் வைக்கோலும் மூடியிருந்தால் துளியின் வேகம் அவற்றின்மீதே அடங்கிவிடும். ஓடத் தொடங்கிய நீருக்கோ வேகமே வலிமை. அதன் விரைவு இரு மடங்கானால் அரிக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே சரிவு நிலத்து உழவன் செய்ய வேண்டியவை இரண்டே: மண்ணை மூடிவைத்தல், ஓடும் நீரை நடக்கச் செய்தல்.

1933ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ரூசுவெல்டின் அரசு, வேலையின்றி வாடிய மக்களுக்குப் பணி தரும் பொருட்டுப் பல திட்டங்களை வகுத்தது. மண்ணரிப்பைத் தடுக்க 50 இலட்சம் டாலர் கிடைத்தது. அப்பணம் முழுவதையும் வரப்பு எடுப்பதிலேயே செலவிடுவது என்பது முதலில் எழுந்த எண்ணம். தந்தையார் எடுத்த வரப்பைக் கண்டு வளர்ந்த பென்னெட்டே அதனை மறுத்தார் என்பது கருதத்தக்கது. வரப்பு ஒன்றே மருந்தாகாது என்றார் அவர். மேலே மண் மூடப்படாது கிடந்தால், பெருமழையில் நீர் வரப்பை உடைத்துப் பாய்ந்து, முன்னில்லாத பள்ளத்தையும் உண்டாக்கிவிடும். செங்குத்தான இடத்துக்கு மரம், அடுத்த சரிவுக்குப் புல், மென்சரிவுக்கு வரப்பும் பயிர் மாற்றமும் என, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அதனதன் இயல்புக்கேற்ற மருத்துவம் வேண்டும் என்பது அவர் கொள்கை. அது ஏற்கப்பட்டது. புதிதாக அமைந்த மண்ணரிப்புத் தடுப்புப் பணியகத்துக்கு அவரே இயக்குநர் ஆனார்.

அவர் முதன்முதல் தேர்ந்த இடம் விசுகான்சின் மாநிலத்தின் கூன் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ 90,000 ஏக்கர் பரப்புள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி அது. நார்வே நாட்டிலிருந்து குடியேறியோரின் வழிவந்தவர் பலர் அங்குப் பால்பண்ணைத் தொழில் செய்துவந்தனர். குன்றின் உச்சியில் வயல், செங்குத்தான சரிவில் மாடுகள் மேயும் காடு, அடியில் ஓடை. வயல்களைச் சதுரம் சதுரமாக வகுத்து, மேலிருந்து கீழாக ஏர் ஓட்டினர். ஒவ்வொரு படைச்சாலும் ஒரு சிறு வாய்க்காலாகி நீரைக் கீழே விரட்டியது. மழை பெய்தால் வெள்ளம். வெள்ளம் வடிந்தால் வேலிகளும் சாலைகளும் சேற்றில் புதைந்து கிடக்கும்.

இதனை மாற்றுவதற்கு உழவர் மனம் மாற வேண்டும். சதுரமான வயலும் நேரான படைச்சாலும் நல்ல உழவனுக்கு அழகு என்று தலைமுறை தலைமுறையாகக் கருதிவந்தவர்களிடம், குன்றின் வளைவை ஒட்டி வளைத்து உழுங்கள் என்றால் நகைக்க மாட்டார்களா? பென்னெட்டின் அலுவலர்கள் வீடு வீடாகச் சென்றனர். ஒவ்வொரு பண்ணையையும் உழவனோடு உடன் நடந்து பார்த்து, அவனோடு கலந்தே திட்டம் வரைந்தனர். ஐந்தாண்டுக்கு அத்திட்டப்படி நடப்பதாக உழவன் உடன்படுவான். விதையும் சுண்ணாம்பும் வேலிக் கம்பியும் ஆள் உதவியும் அரசு அளிக்கும். வேலையற்றிருந்த இளைஞர்கள் முகாமிட்டுத் தங்கிப் பள்ளங்களில் தடுப்பணை கட்டினர், மரம் நட்டனர். ஈராண்டுக்குள் நானூற்றுக்கு மேற்பட்ட உழவர்கள் இணைந்தனர்.

மேயும் மாடுகள் செங்குத்தான காட்டிலிருந்து விலக்கப்பட்டன. வயல்கள் குன்றைச் சுற்றிய பட்டைகள் ஆயின. மக்காச்சோளம் ஒரு பட்டை. அடுத்து ஓட்சு என்னும் தானியம் ஒரு பட்டை. அதனையடுத்துக் குதிரைமசால் ஒரு பட்டை. சோளப் பட்டையிலிருந்து நழுவிவரும் மண்ணை அடர்ந்து வளர்ந்த குதிரைமசால் தடுத்து நிறுத்தும். அது மாட்டுக்குத் தீவனமும் ஆகும். நிலத்துக்கு உரமும் ஆகும். பல ஆண்டுகளுக்குப்பின் அப்பள்ளத்தாக்கை மீண்டும் அளந்த ஆய்வாளர்கள், ஓடையில் மண் படிவது பழைய அளவில் சிறு பகுதியாகக் குறைந்துவிட்டதைக் கண்டனர்.

நம் முன்னோர் வயலைச் 'செய்' என்று வழங்கினர். நன்செய், புன்செய் என்பவற்றில் அச்சொல்லைக் காணலாம். நிலம் இயற்கை தந்ததே ஆயினும், வயல் கையால் செய்யப்படுவது. கூன் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது, கெட்டுப்போன செய்யை மீண்டும் செய்தலே.

கூன் பள்ளத்தாக்கின் வெற்றி நாடு முழுவதும் பரவுவதற்கு நிலையான சட்டம் வேண்டியிருந்தது. நீர் செய்யும் கேட்டை வாழ்நாளெல்லாம் பேசிய பென்னெட்டுக்கு, அதில் காற்று துணைநின்றது. நடுமேற்கின் பெருஞ்சமவெளிகளில் புல்லை உழுது அழித்துக் கோதுமை விதைத்திருந்தனர். வறட்சி வந்தது; வெறுமண் காற்றில் எழுந்தது. 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுந்த புழுதி, நியூயார்க்கையும் வாசிங்டனையும் இருளச் செய்து, அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களின்மீதும் படிந்தது. 1935 ஏப்ரலில் மேல்சபைக் குழுவின்முன் பென்னெட் சான்று கூறினார். மேற்கிலிருந்து மற்றொரு புழுதி மேகம் தலைநகரை நோக்கி வருவதை அவர் முன்னரே கேட்டறிந்திருந்தார் என்றும், அது வந்து சேரும்வரை கணக்குகளை ஒவ்வொன்றாக விரித்துரைத்து நேரத்தை நீட்டினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பலகணிக்கு வெளியே வானம் மங்கியது. உறுப்பினர்கள் எழுந்து சென்று பார்த்தனர். அதன்பின் சான்றுரை மிகுதியாக வேண்டியிருக்கவில்லை.

1935 ஏப்ரல் 27இல் மண்காப்புச் சட்டம் நிறைவேறியது. வேளாண்மைத் துறையில் நிலையான மண்காப்புப் பணியகம் அமைந்தது; பென்னெட் அதன் முதல் தலைவர். ஒரு காலத்தில் மண் அழியாது என்று அறிவித்த துறையே அதனைக் காக்கும் பொறுப்பை ஏற்றது. உழவர் நிலத்தில் அரசு ஆணையிட்டு நடத்துதல் நிலைக்காது என்று உணர்ந்து, உழவர்களே உறுப்பினரைத் தேர்ந்து நடத்தும் மண்காப்பு வட்டங்களுக்கு 1937இல் வழி செய்யப்பட்டது. அவற்றுள் முதலாவது, பென்னெட் பிறந்த ஆன்சன் மாவட்டத்திலேயே பிரவுன் கிரீக் என்னும் பெயரால் அமைந்தது. பின்னர் அவ்வட்டங்கள் ஏறத்தாழ 3,000 ஆகப் பெருகின.

அவர் பணியகம் செய்தவை யாவும் நன்மையாய் முடிந்தன என்று கூற இயலாது. மண்ணை விரைவில் மூடும் என்று கருதி, குட்சு என்னும் ஆசியக் கொடியைத் தென்மாநிலங்களில் பெருமளவில் நடச் செய்தனர். நட்டவர்க்குப் பணமும் தந்தனர். கொடி மண்ணை மூடியது உண்மை. ஆனால் அதனோடு நிற்காமல் மரங்களின்மீதும் வீடுகளின்மீதும் ஏறிப் படர்ந்தது. 1953இல் பரிந்துரைக்கத்தக்க மூடுபயிர்களின் பட்டியலினின்று அரசு அதனை நீக்கிவிட்டது. நிலத்துக்கேற்ற மருத்துவம் வேண்டும் என்று போதித்தவரின் பணியகமே எல்லா நிலத்துக்கும் ஒரே மருந்தைத் தேடியதன் விளைவு அது.

பென்னெட் நெடிய உருவமும் உரத்த குரலும் உடையவர். அலுவலக நாற்காலியினும் உழவர் கூட்டமே அவருக்கு உவப்பானது. 1939இல் மண்காப்பைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1944இல் தென்னாப்பிரிக்கா சென்று அந்நாட்டின் மண்நிலையை ஆராய்ந்து வழிகூறினார். 1951இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1960ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள், தம் 79ஆம் வயதில் இயற்கை எய்தினார். ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் நிறுவிய பணியகம் 1994இல் இயற்கை வளக் காப்புப் பணியகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் அலுவலர்கள் உழவர்களோடு வயல்களில் நடந்து திட்டம் வரைகின்றனர்.